மிக்ஸி ஓடும் நேரம்

அந்த வீட்டில் காலையில் ஸ்மூத்தி குடிக்கும் பழக்கம் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வந்ததல்ல. உடம்பைப் பற்றி அங்கே யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேச ஓர் இடம் தேடினார்கள். தேடிப் பார்த்ததில் மிக்ஸிச் சத்தம் ஒன்றுதான் காலியாக இருந்தது.

வீடு அப்படி. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. சுவர்கள் பேருக்குத்தான் சுவர்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டுகளை நீட்டுவதற்கென்று சதுரமாக ஒரு திறப்பு. ஜன்னல் மாதிரிதான், ஆனால் கதவு கிடையாது. அதற்கு நேர் எதிரே சாப்பாட்டு மேசை. காலை ஏழு மணிக்கு அந்த மேசையில், அந்தத் திறப்பைப் பார்த்தபடி, அக்கா உட்கார்ந்திருப்பாள்.

அக்காவுக்குப் பாம்புக் காது. மாடிப்படியில் ஏறுவது யார் என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். மூடிய கதவுக்குப் பின்னால் தம்பி பெருமூச்சு விட்டால், "என்னடா, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கூடத்திலிருந்து கேட்பாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பத்தொன்பது வயதில் தறிக்கூடத்து வேலைக்குப் போய், ஒன்பது வயதுத் தம்பியை ஒற்றை ஆளாக வளர்த்தவள். அவன் வயிற்றுவலி முதல் காதல் வரை எல்லாமே அவள் காதைத் தாண்டித்தான் உலகத்துக்குப் போயிருக்கிறது. அவனுக்கு முப்பத்தாறு வயதாகி, கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன பிறகும் அந்தக் காதுக்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, முக்கியமாக அக்காவுக்கு.

தம்பி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் எந்த ஊரிலும் உட்கார்ந்து போடலாம். அவன் தன் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து போட்டான். அவன் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார்த்தி, ஒரு கண்ணை மறைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் வேலை. அக்கா வாய்விட்டுக் கூப்பிடும்போது "வாம்மா, போம்மா" என்றாலும் மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கண்ணாடிக்காரி.

மிக்ஸி யோசனை கண்ணாடிக்காரியுடையதுதான். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் வாழைப்பழத்தையும் பாலையும் ஜாரில் போட்டு ஓடவிட்டபோது, அந்த இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று கண்டுபிடித்தாள். உடனே பக்கத்தில் நின்ற புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்து, மூன்று வாரமாகச் சொல்ல முடியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒன்றைச் சொல்லிவிட்டாள். மறுநாள் முதல் அந்த வீட்டில் தினமும் ஸ்மூத்தி.

சத்தம் இருந்தால் அக்காவுக்கு எதுவும் எட்டாது என்று இருவரும் நம்பினார்கள். அவர்கள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

நூற்றிருபது தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும் இடத்தில் காது என்பது கம்மல் போட மட்டும்தான் பயன்படும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்கூடத்தில் யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. வாயை மட்டும் அசைப்பார்கள். எதிரில் இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்வம்பு முழுவதும் அப்படித்தான் போகும். அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் எல்லோருக்கும் அது வந்துவிடும். அக்காவுக்கு அதில் இருபத்தேழு வருஷ அனுபவம். வீட்டில் அவள் இதைச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. நடக்கத் தெரியும் என்று யாரும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை, அந்த மாதிரி.

ஆக, முன்பெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது அவள் முகத்துக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில், வாயை நன்றாகத் திறந்து பேசினார்கள். இரைச்சலில் புருஷனுக்குக் கேட்க வேண்டுமே என்று கண்ணாடிக்காரி ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி அழுத்திச் சொன்னாள். அக்கா தன் நல்ல நேரத்தை நம்பமுடியாமல் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் அவளுக்குப் பழங்களின் கணக்கும் பிடிபட்டது. வெறும் வாழைப்பழமும் பாலும் என்றால் இருபது விநாடிதான். கடைக்குப் போகும்போது என்ன வாங்குவது என்பது போன்ற சில்லறை விஷயம். ஃப்ரீசரிலிருந்து உறைந்த மாம்பழத் துண்டுகள் வெளியே வந்தால் ஒரு நிமிஷத்துக்கு மேல் அரைக்க வேண்டும், அப்படியானால் யார்மீதோ புகார். அன்னாசி, ஓட்ஸ், ஐஸ்கட்டி மூன்றும் ஒன்றாகப் போனால் குடும்ப விவகாரம். அன்று அக்கா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். சில நாள் பேச்சு முடியாமல் மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்து, ஸ்மூத்தி நுரைத்துப் பொங்கி வெதுவெதுப்பாக வந்து சேரும். "இன்னைக்கு நல்லா அரைஞ்சிருக்கு" என்று பாராட்டிவிட்டுக் குடிப்பாள்.

புகார்களில் பெரும்பாலானவை அவளைப் பற்றியவைதான்.

"உங்க அக்கா தயிர் ஸ்பூனை நக்கிட்டு அதையே திரும்ப டப்பாவுக்குள்ள போடறாங்க. எனக்குக் குமட்டுது."

இதைப் பார்த்த அன்று அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. அரை நிமிஷம்தான். மறுநாள் காலை, சிவப்புப் பிடி போட்ட ஸ்பூன் ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைத்து, "இது எனக்குன்னு தனியா. நக்கற பழக்கம் சின்ன வயசுலேருந்து விடமாட்டேங்குது" என்று பொதுவாக அறிவித்தாள். கண்ணாடிக்காரிக்குப் புரை ஏறியது. தம்பி அவள் தலையில் தட்டினான். அவள் புருஷனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்க்க அக்காவுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அதன்பிறகு அவள் பார்த்ததோடு நிற்கவில்லை. பார்த்ததை வைத்து விளையாடவும் தொடங்கினாள். "அந்த மூக்குக்கு எந்த ஃப்ரேமும் நிக்காது, நானே முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்" என்று கண்ணாடிக்காரி மிக்ஸிக்குப் பின்னால் சொன்ன நாளில், அக்கா சாயங்காலம் தன் மூக்கைத் தடவிக்கொண்டே, "ஏம்மா, சில மூக்குக்குக் கண்ணாடியே நிக்காதாமே, நிஜமா?" என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சாயங்காலம் நாம ரெண்டு பேரும் மட்டும் வெளிய போய்ச் சாப்பிடலாம். அக்காகிட்ட ஏதோ மீட்டிங்னு சொல்லிடுங்க" என்று திட்டம் போட்டார்கள். தம்பி வாயைத் திறப்பதற்கு முன்பே, மதியம் மூன்று மணிக்கு, அக்கா அவன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மீட்டிங்குக்கு இதப் போட்டுட்டுப் போடா. உன் பெண்டாட்டிக்கும் இதான் பிடிக்கும்."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்காரி கையில் இருந்த சீப்பு அப்படியே நின்றது.

எல்லா நாளும் வேடிக்கையாகவும் இல்லை. பேரிக்காய் போட்ட நாள் ஒன்று உண்டு. அன்று கண்ணாடிக்காரி மிக்ஸியை ஓடவிட்டு, "இந்த மாசமும் இல்லங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் வராது என்ற தைரியத்தில் நன்றாகவே அழுதாள். தம்பி அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். அக்கா அன்று தலையைத் திருப்பியிருக்கலாம், பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கண் பரிசோதனை செய்கிறவளை ரொம்ப நாள் ஏமாற்ற முடியாது. எல்லாம் வெளியே போகிறது, போகிற வழி ஒன்றுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மிக்ஸிச் சத்தத்தில் தான் சொல்வது ஒரே ஒரு ஆளுக்குத்தான் கேட்கிறது. அந்த ஆள் அக்கா வளர்த்த பிள்ளை. அப்புறம் என்ன யோசனை வேண்டியிருக்கிறது. ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வலை விரித்தாள். அக்காவுக்கு எலி என்றால் குலை நடுங்கும்.

"உங்க அக்கா அலமாரிக்கு அடியில ஒரு எலி போறத ராத்திரி பாத்தேன். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவாங்க. நான் பொறி வாங்கிட்டு வர்றேன்."

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு வெறும் ஆப்பிள் ஒன்றுதான் போட்டிருந்தாள். அதிலேயே அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எலி என்ற வார்த்தையைப் பார்த்ததும் புத்தி வேலை செய்யவில்லை. கால் மணி நேரத்தில் அலமாரியில் இருந்த அத்தனை துணியும் கட்டிலுக்குப் போயிருந்தது, அக்கா துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் நின்றிருந்தாள்.

"என்னக்கா தேடறீங்க?" வாசலில் கண்ணாடிக்காரி.

"ஒண்ணுமில்லம்மா. தூசி."

"நாற்காலி மேல ஏறி நின்னா தரையில இருக்கற தூசி தெரியுமா?"

அக்கா திருதிருவென்று விழித்தாள். கண்ணாடிக்காரி அவளை ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் தம்பியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பாம்புக் காதுக்குச் சாத்திய கதவு ஒரு பொருட்டே இல்லை.

"வாயில ஒண்ணும் தங்காதா உங்களுக்கு?"

"நான் சொல்லலடி. சத்தியமா சொல்லல."

"அப்போ எலியே வந்து சொல்லிச்சா? எலியே கிடையாதுங்க. உங்களைப் பிடிக்கத்தான் அப்படிச் சொன்னேன். உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அக்கா துணிகளை மறுபடி அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் தம்பி தப்பித்துவிடுவான் என்று தெரியாமல் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எட்டு மாதக் குட்டும் உடைந்துவிடும் என்பதும் தெரிந்திருந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, ரெண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரெண்டு நாளில் சரியாகவில்லை. சண்டை நடந்த ராத்திரியே தம்பி தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்து சோபாவுக்கு வந்துவிட்டான். மிக்ஸி மட்டும் வழக்கம்போல ஓடியது. கண்ணாடிக்காரி பழத்தை நறுக்குவாள், பாலை ஊற்றுவாள், பொத்தானை அழுத்துவாள், உதடு ஒட்டினது ஒட்டினபடியே இருக்கும். தம்பி இரண்டடி தள்ளி நின்று மிக்ஸி மூடியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அரைபட்டதை மூன்று கிளாஸில் ஊற்றி மேசைக்கு நீட்டுவாள். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தபடி குடிப்பார்கள். முதலில் அக்காவுக்குப் பொழுதுபோக்கு போய்விட்டதே என்று இருந்தது. நாலைந்து நாள் கழித்து அந்த ஒட்டிய உதடுகளைப் பார்க்காமல் கிளாஸுக்குள்ளேயே பார்த்தபடி குடித்தாள்.

பதினோராவது நாள், புதன்கிழமை, கண்ணாடிக்காரி கடையிலிருந்து சீக்கிரமே வந்தாள். தம்பி வரைபடம் ஒன்றைக் கொடுக்க வெளியே போயிருந்தான். தறிக்கூடத்தில் இயந்திரம் பழுதுபார்க்கும் நாள் என்று அக்காவுக்கு மதியத்தோடு விடுமுறை. கண்ணாடிக்காரி செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவை இழுத்து மூடினாள். தெருவில் ஓடும் வண்டிகளின் சத்தத்தில் தன் பேச்சு உள்ளே போகாது என்று அவளுக்கு நிம்மதி. முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு தன் தங்கையோடு பேச ஆரம்பித்தாள்.

அக்கா தன் அறையில், பால்கனிக்கு நேரே திறந்திருந்த கதவுக்குப் பின்னால், கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். எதிரே ஒருவர் வாயை அசைத்தால் அவள் கண் தானாகவே அங்கே போய்விடுகிறது, அவளும் என்னதான் செய்வாள்.

"அந்தப் புது கண் ஆஸ்பத்திரியிலதான். பரிசோதனைப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. எனக்குக் கீழ ஆறு பேர். இல்லடி, ஊரு தூரம், ரயில்ல அஞ்சு மணி நேரம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அக்காவின் கையில் பாதி மடித்த துண்டு இருந்தது.

"அவர்கிட்ட இன்னும் சொல்லல. சொல்லப் போறதும் இல்ல. காலையில சொன்னா மத்தியானம் அக்காவுக்குத் தெரிஞ்சிடும். அவங்க வாயைத் திறந்து போகாதேன்னு சொல்ல மாட்டாங்க. சிரிச்சுக்கிட்டே பெட்டி கட்டிக் குடுப்பாங்க. அதப் பாத்து இவர் உடைஞ்சு போயிடுவாரு. நானே வேண்டாம்னு சொல்லிடறேன்."

கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கத்தில் தங்கை பேசியிருக்க வேண்டும். கண்ணாடிக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"வேலை போனா போகுதுடி. நான் சொல்ற எதுவும் எங்க ரெண்டு பேருக்குள்ள நிக்க மாட்டேங்குது. அவர்கூடப் பேசறதையே விட்டுட்டேன்."

அக்கா துண்டை மடித்து முடித்தாள். மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வேலைக்காகக் கூட இல்லை. அந்தப் பெண் வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்தவள். புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்து வைத்துப் பேசியவள். மிக்ஸி ஓடும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவள் முகம் முழுசாகத் திறக்கும். அதை மூடியது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அவள் கால் போன போக்கில் நடந்து தறிக்கூடத்துக்கே போய்விட்டாள். பழுது பார்த்து முடித்து, இரவு ஷிப்டுக்குத் தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. எதிர்த்தறிக்காரி, இருபது வருஷமாக எதிரெதிரே நின்று வேலை செய்தவள், இப்போது இரவு ஷிப்டுக்கு மாறியிருந்தாள். நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டே நாலு தறிக்கு அப்பாலிருந்து வாயை அசைத்தாள்.

"என்ன, மூஞ்சி தொங்குது?"

"வீட்டுல திருடிட்டேன்" என்று அக்கா வாயை அசைத்தாள்.

"என்னத்த?"

"அவங்க பேச்சை."

எதிர்த்தறிக்காரி நூலைவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டிலும் மிக்ஸி உண்டு, மருமகளும் உண்டு.

"மாட்டிக்கிட்டியா?"

"இல்ல. தம்பி மாட்டிக்கிட்டான்."

"அப்ப போய்ச் சொல்லு. இங்க எதுக்கு வந்த?" என்றுவிட்டு அவள் தறிக்குத் திரும்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. தம்பி குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரி இரண்டு வாழைப்பழத்தை உரித்துப் போட்டு, பாலை ஊற்றி, பொத்தானை அழுத்தினாள். அக்கா மேசையிலிருந்து எழுந்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக மிக்ஸி ஓடும் நேரத்தில் சமையலறைக்குள் போய், கையை நீட்டி, தானே அதை நிறுத்தினாள்.

திடீரென்று அமைதியாகிவிட்டது. அக்காவுக்குச் சத்தத்தில் பேசித்தான் பழக்கம்.

"அவன் ஒண்ணும் சொல்லல."

"யாரு?"

"உன் புருஷன். ஸ்பூனு, மூக்கு, சட்டை, எலி, எதையும் அவன் சொல்லல. நானேதான் பாத்தேன்."

"எதைப் பாத்தீங்க?"

"நீ பேசறத. தறி ஓடறப்ப எங்களுக்குக் காது கேக்காதும்மா. வாயைப் பாத்துத்தான் பேசிக்குவோம். இருபத்தேழு வருஷமா அப்படித்தான்."

கண்ணாடிக்காரி நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்ற அக்கா கதை விடுகிறாள் என்று அவள் முகமே சொன்னது. ஆனால் பரிசோதிக்காமல் எதையும் ஒதுக்கிவிடுவது அவள் தொழிலில் கிடையாது. அக்காவைத் தோளைப் பிடித்து மேசை நாற்காலியில் உட்கார்த்தினாள். கூடத்தின் கோடிக்கு எட்டு அடி வைத்துப் போனாள். போதாது என்று பால்கனிக் கதவைத் திறந்து, அந்தப் பக்கம் நின்று, கதவை மூடினாள். சன்னமாக, உதட்டை அதிகம் பிரிக்காமல், குரலே இல்லாமல் ஒன்றைச் சொன்னாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "என்ன சொன்னேன்?"

அக்கா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

கண்ணாடிக்காரி அவள் வாயையே பார்த்தாள்.

"இருக்கு" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரியின் முகத்தில் எட்டு மாதமும் வரிசையாக வந்து போனதை அக்கா பார்த்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"உங்க குறட்டையப் பத்தி நான் சொன்னது?"

"தெரியும். நிஜந்தானே அது."

"உங்கள அலாரம்னு சொன்னது?"

"அது நல்லாவே இருந்துச்சு. தறிக்கூடத்துல சொல்லிச் சிரிச்சோம்."

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் தணிந்தது. "பேரிக்காய் போட்ட அன்னைக்கு?"

இதற்குமேல் ஒன்றையும் மறைக்க அக்காவிடம் தெம்பில்லை. "அன்னைக்கும்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நேத்து பால்கனியில" என்று அக்கா தொடங்கினாள்.

"அதுவுமா?"

"அந்த வேலைய விடாதம்மா. நாளைக்கு வரைக்கும் காத்திருக்காத. அவன்கிட்ட சொல்லு. அவன்கிட்ட சொன்னது அவன்கிட்டயே இருக்கும், எப்பவும் அப்படித்தான் இருந்திருக்கு. என்னால வெளிய வந்துச்சு. நான் போகாதன்னும் சொல்லமாட்டேன், சிரிச்சுக்கிட்டுப் பெட்டியும் கட்டமாட்டேன். நீங்க போனா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

தம்பி பாதி முகத்தில் நுரையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று இருவருக்கும் தெரியவில்லை. துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான்.

"பதினோரு நாளா நான் சோபாவுல படுத்திருக்கேன்."

"ஆமாடா."

"சத்தியம் பண்ணினேன். இவ நம்பல. நீ அடுத்த அறையில கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்ப."

"கேட்டேன்."

"அப்பவும் நீ சொல்லல."

"சொல்லல" என்றாள் அக்கா. அவன் ஒன்பது வயதில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவளை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணாடிக்காரி சமையலறைக்குள் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். ஏற்கெனவே அரைபட்ட வாழைப்பழத்தில் மாம்பழத் துண்டுகளைக் கொட்டினாள். ஐஸ்கட்டிகளைக் கொட்டினாள், ஓட்ஸை அளவில்லாமல் சாய்த்தாள், அன்னாசியையும் விடவில்லை. மூடியை அழுத்திப் பொத்தானைத் தட்டினாள். வீடே அதிர்ந்தது. புருஷனின் தோளைப் பிடித்து இழுத்து, தன்னோடு சேர்த்து அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

அக்காவுக்கு இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன.

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரியின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தம்பி தலையை ஆட்டினான், சரி என்றா முடியாது என்றா தெரியவில்லை. ஒருமுறை அவன் கை மேலே போய்த் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது போலிருந்தது, அல்லது மிச்சமிருந்த நுரையைத் துடைத்திருக்கலாம். தன்னை இனி அக்கா என்று கூப்பிடப் போவதில்லை என்றுகூடப் பேசிக்கொண்டிருக்கலாம். இருபத்தேழு வருஷமாக நூற்றிருபது தறிகளின் நடுவே நின்றவளுக்கு அந்த ஒரு மிக்ஸியின் சத்தம் தாங்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள், போகவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜாருக்குள்ளே எல்லாம் கூழாகி வெகுநேரம் ஆன பிறகும் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

இருவரும் திரும்பினார்கள். கண்ணாடிக்காரியின் கண்கள் சிவந்திருந்தன. "மத்தியானம் போன் பண்ணி, வர்றேன்னு சொல்லப் போறேன்" என்றாள்.

"நானும் போறேன்க்கா" என்றான் தம்பி. அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். ஆனால் அக்கா என்றுதான் சொன்னான்.

"நல்லது" என்றாள் அக்கா. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

தம்பி வாயைத் திறந்தான். கண்ணாடிக்காரி அவன் கையைத் தொட்டாள்.

"அது எங்களுக்குள்ளக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை அது இருக்கவேண்டிய இடத்தில் வைப்பதுபோலச் சொன்னாள். சொல்லும்போது அவள் புருஷனை ஒட்டி நின்றிருந்தாள், இரண்டடி தள்ளி இல்லை.

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் அந்த வீட்டில் அவள் இருந்ததே கிடையாது. அதே நேரத்தில், பதினோரு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. அவர்களுக்குள் மறுபடி ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னவென்று தனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"சரிம்மா" என்றாள். தன் கிளாஸை எடுத்துத் திறப்பின் வழியாக நீட்டினாள். "எனக்குக் கொஞ்சம் ஊத்து."

தம்பிதான் வாங்கி ஊற்றிக் கொடுத்தான்.